குதிரை, பாட்டு, துப்பாக்கி: தமிழ்க் கௌபாயின் பூர்வீகம்

தமிழ்க் கௌபாய் படத்தின் ஆயுள் குறுகியது. எம். கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த ‘காலம் வெல்லும்’ 1970இல் வந்தது. மறு ஆண்டு தெலுங்கில் கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கத்தில் கிருஷ்ணா நடித்த ‘மோசகாள்ளகு மோசகாடு’ வெளியாகி, ‘மோசக்காரனுக்கு மோசக்காரன்’ ஆகத் தமிழ் பேசியது. 1972இல் கர்ணன் – ஜெய்சங்கர் கூட்டணியிலேயே ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ இரண்டும் வந்தன. 1978இல் தேவர் பிலிம்ஸின் ‘தாய் மீது சத்தியம்’ ரஜினிகாந்துக்குத் தொப்பி மாட்டிவிட்டது. 1980இல் மறுபடி கர்ணனும் ஜெய்சங்கரும் ‘ஜம்பு’ தந்தார்கள். அதற்குப் பிறகு அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

படங்கள் போய்விட்டன, அவை எழுப்பிய கேள்வி போகவில்லை. குதிரையில் வந்து, பாட்டுப் பாடி, அடிதடி செய்து, ஊருக்கு நியாயம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிற அந்த ஆள் நமக்குச் சொந்தக்காரனா, இரவலா? இதற்கு இதுவரை நாலு வகையில் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஹாலிவுட் நகல் என்பது ஒன்று. கூத்திலும் கதைப்பாடலிலும் முன்பே இருந்தவன் என்பது இன்னொன்று. சின்ன முதலீட்டுச் சினிமாவின் வியாபாரக் கணக்கு பெற்ற பிள்ளை என்பது மூன்றாவது. நட்சத்திர அரசியலின் உபபொருள் என்பது நான்காவது. கோடம்பாக்கத்திலிருந்து பார்த்தால் முதல் பதிலே போதும் என்று தோன்றும். கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் பார்த்தால் அப்படி முடித்துவிட முடியாது. இவை படம் எடுத்த ஊர்கள் அல்ல, படம் பார்த்த ஊர்கள். பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கென்று ஒரு குதிரை வீரனும் இருந்தான்.

அமெரிக்கப் பாட்டுக் குதிரைக்காரன்

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும் என்பதால் அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1934இல் கென் மேனார்ட் நடித்த ‘இன் ஓல்ட் சாண்டா ஃபே’ படத்தில் வானொலிப் பாடகர் ஜீன் ஆட்ரி கொஞ்ச நேரம் வந்து பாடினார். மறு ஆண்டே புதிதாகத் தொடங்கிய ரிபப்ளிக் நிறுவனம் அவரைக் கதாநாயகனாக்கி ‘டம்ப்ளிங் டம்ப்ள்வீட்ஸ்’ எடுத்தது. 1938இல் ராய் ராஜர்ஸ் வந்தார். ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின் ஓடும் படம். ஓரிரு வாரப் படப்பிடிப்பு. இரட்டைக் காட்சியில் பெரிய படத்தோடு ஒட்டிக்கொண்டு ஓட்டம். சனிக்கிழமை பகல் காட்சிக்குக் குழந்தைகள் கூட்டம் முண்டும். ஆட்ரியின் சாம்பியன், ராஜர்ஸின் டிரிக்கர் என்று குதிரைகளின் பெயர்கள்கூடச் சுவரொட்டியில் ஏறின. மேற்கத்தியப் பட நட்சத்திரங்களுக்கான திரையரங்கு உரிமையாளர் வாக்கெடுப்பில் 1937 முதல் 1942 வரை ஆட்ரி முதலிடம். அடுத்துப் பல ஆண்டுகள் ராஜர்ஸ். பிறகு தொலைக்காட்சி வந்தது, இந்த வகையே திரையரங்கை விட்டு வெளியேறியது. ஆட்ரியின் கடைசிக் கதாநாயகப் படம் 1953இல் வந்தது.

‘காலம் வெல்லும்’ வந்தபோது அமெரிக்காவில் பாடும் கௌபாய்க்குக் கருமாதி நடந்து பதினேழு வருடம் ஆகியிருந்தது. நகல் வாதத்தைச் சோதிக்கும்போது இந்த இடைவெளியை மறந்துவிடக் கூடாது.

நகல் என்ற வாதம்

இதுதான் பழையது, பரவலானது. பத்திரிகை விமர்சனங்களும் சிறுபத்திரிகைக் கட்டுரைகளும் நெடுங்காலம் கையாண்டது. இதன் பின்னணியில் தமிழ் சினிமா மீதே இருந்த அவநம்பிக்கையும் உண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன் ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ எழுதியது கர்ணனின் படங்கள் ஓடிக்கொண்டிருந்த அதே எழுபதுகளின் தொடக்கத்தில்தான். அவர் குறிவைத்தது வேறொரு நட்சத்திரத்தின் மாயையை. ஆனாலும் திரையில் தெரிபவன் உழைப்பாளிக்கு அந்நியன், அவளை ஏமாற்றுகிறவன் என்ற பார்வை கௌபாய் படத்தை நகல் என்று ஒதுக்கியவர்களுக்கும் பொதுவானது.

நகல் வாதத்துக்குச் சான்று இல்லாமல் இல்லை. செர்ஜியோ லியோனியின் இத்தாலியக் கௌபாய் படங்கள் 1964 முதல் உலகைச் சுற்றின. 1969இல் வெளியான ‘மெக்கன்னாஸ் கோல்ட்’ சென்னையில் நெடுநாள் ஓடி, ஆங்கிலம் தெரியாதவர்களையும் இழுத்தது. கண்ணை மட்டும் திரை முழுக்கக் காட்டும் நெருக்கக் காட்சி, துப்பாக்கி உறைக்குப் பக்கத்தில் துடிக்கும் விரல், விசில் கலந்த பின்னணி இசை எல்லாம் அங்கிருந்து வந்தவை என்பதைக் கண்ணுள்ளவர் மறுக்க மாட்டார். ‘மோசகாள்ளகு மோசகாடு’ தன் கடனை மறைக்கக்கூட இல்லை. ராஜஸ்தான் மணலுக்கே போய்ப் படமெடுத்தது. இரவல் வாங்குவது நம் ஸ்டுடியோக்களுக்குப் புதிதும் அல்ல. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1951இல் எடுத்த ‘சர்வாதிகாரி’, 1948இல் வந்த ‘தி கேலன்ட் பிளேட்’ என்ற ஹாலிவுட் படத்தின் தழுவல்.

வாதம் தடுமாறுவது வேறிடத்தில். நகல் என்றால் எதன் நகல்? லியோனியின் நாயகன் பாடுவதில்லை, பேசுவதே அபூர்வம். பாடிய ஆட்ரியோ திரையை விட்டுப் போய்விட்டார். தமிழ்ப் படமோ தொப்பியை இத்தாலிக்காரரிடம் வாங்கிக்கொண்டு பாட்டை மட்டும் விடாமல் வைத்திருக்கிறது. விட்டதும் சேர்த்ததும் இன்னும் பல. அமெரிக்க மேற்கத்தியப் படத்தின் உயிர்நாடி எல்லைப்புறம்: ஊர் முடிந்து காடு தொடங்கும் இடம், அங்கே பூர்வகுடிகளோடு நடக்கும் நிலப் போர். அது இங்கே அறவே இல்லை. மாறாக அம்மா வருகிறாள். லியோனியின் நாயகனுக்குத் தாய் கிடையாது, பல படங்களில் பெயரே கிடையாது. நம் நாயகனுக்கோ தாய்மீது செய்த சத்தியம் படத்தின் தலைப்பாகவே நிற்கிறது. கண்ணெதிரே கொல்லப்பட்ட தகப்பன், பிரிந்த உடன்பிறப்பு, அடையாளம் காட்டும் பொருள் என்று சட்டகம் முழுவதும் நாடகக் கம்பெனிக் காலத்துச் சொத்து. கர்ணனே குடும்பப் படங்களில் பழகிய கை, கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் ‘கற்பகம்’ (1963) அவர் ஒளிப்பதிவு செய்தது. எதை எடுத்தார்கள் என்பதை நகல் வாதம் நன்றாகவே சொல்கிறது. ஏன் அதை மட்டும் எடுத்தார்கள் என்பதற்கு அதனிடம் விடையில்லை.

தேசிங்கு ராஜனின் குதிரை

இரண்டாவது வாதக்காரர்கள் கேட்பது இது: குதிரை வீரனைப் பற்றிய பாட்டுக் கேட்கத் தமிழர் டெக்சாஸ் வரை போக வேண்டுமா?

கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னாற்காட்டில் செஞ்சியும் அடக்கம். ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போரிட்டு 1714இல் மாண்ட இளைஞன் தேஜ் சிங், கதைப்பாடலில் தேசிங்கு ராஜன் ஆனான். அந்தக் கதைப்பாடலில் பாதி அவனுடையது என்றால் மீதி குதிரைகளுடையது. யாராலும் அடக்க முடியாத பாராசாரி என்ற குதிரையை அவன் அடக்குவதில்தான் கதையே சூடு பிடிக்கிறது. முகம்மதிய நண்பன் மோவுத்துக்காரனின் குதிரைக்கு நீலவேணி என்று பெயர். பெரிய எழுத்துப் புத்தகமாகத் திருவிழாக் கடைகளில் விற்றது, உடுக்கையடித்துப் பாடப்பட்டது, கூத்தாகவும் ஆடப்பட்டது. டிரிக்கரின் பெயர் சுவரொட்டியில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே குதிரைக்குப் பெயரும் புகழும் பாட்டும் இருந்தன. சினிமாவும் அதைச் சும்மா விடவில்லை: 1936இல் ஒரு ‘ராஜா தேசிங்கு’, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்’.

கூத்து தரும் சான்று இதைவிட நுட்பமானது. வடக்கே ஆர்க்காட்டிலிருந்து தெற்கே கொள்ளிடக் கரை வரை வேரோடிய தெருக்கூத்தில் முக்கிய வேஷம் சும்மா நடந்து மேடைக்கு வருவதில்லை. இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, கிரீடமும் கால் சலங்கையும் மட்டும் தெரிய, தன் குலமும் பெருமையும் பாடுவான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே கேள்வி போடுவான், கிண்டலடிப்பான். திரை விலகியதும் வேஷக்காரன் சுற்றி ஆடி வருவான். அதற்குள் விடியற்காலை ஒரு மணி ஆகியிருக்கலாம். தூங்கிய பிள்ளைகளைத் தட்டி எழுப்புவார்கள். இதைப் பார்த்து வளர்ந்தவருக்கு வீரன் பாடிக்கொண்டே வருவதில் வியப்பு என்ன இருக்கிறது? அமெரிக்கப் பார்வையாளருக்குத்தான் முரட்டுக் குதிரைக்காரன் கிதார் எடுத்ததும் ஒரு புதுமை. அங்கே பாடுவது ஒரு தனி வகையின் அடையாளம். இங்கே வீரனாக இருப்பதற்கே அது நிபந்தனை.

இந்த இழையைத் தொடர்ந்து போனால் தமிழின் உண்மையான பாடும் கௌபாய் படம் 1970க்கு முன்பே வந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. சாண்டோ சின்னப்பா தேவர் தயாரிப்பில் எம்.ஏ. திருமுகம் இயக்கிய ‘நீலமலைத் திருடன்’ (1957) அது. ‘சந்திரலேகா’வில் வில்லனாக வாள் வீசிப் பெயர் வாங்கிய ரஞ்சன், ஏழைகளுக்கு உதவும் திருடனாக வருகிறார். குதிரை பாய்ந்துகொண்டிருக்க, அதன் மேலிருந்தபடியே, நேர்மையாக இரு, அஞ்சாதே, துணிந்து முன்னே செல் என்கிற பொருளில் அவர் பாடும் பாட்டு ஒன்று உண்டு. கே.வி. மகாதேவன் இசை, மருதகாசி பாட்டு, டி.எம். சௌந்தரராஜன் குரல். குளம்படியே தாளம். படத்தை மறந்தவர்களும் அந்தப் பாட்டை மறக்கவில்லை. ஆட்ரி படத்தின் இலக்கணம் ஏறக்குறைய எல்லாம் இதில் இருக்கிறது: நாயகன், அவனுக்குத் துணை நிற்கும் மிருகம், சின்னப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்யும் நீதிப்பாட்டு. தொப்பி ஒன்றுதான் இல்லை. அதனால்தான் இதை யாரும் கௌபாய் படம் என்று சொல்வதில்லை. உடையை வைத்து வகை பிரிப்பதில் உள்ள சிக்கல் இது.

பூர்வீக வாதத்துக்கும் ஓட்டைகள் உண்டு. கதைப்பாடல் வீரர்கள் சாகிறவர்கள். தேசிங்கு சாகிறான், கட்டபொம்மன் சாகிறான், மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுத் தெய்வமாகிறான். அவர்களைப் பற்றிப் பாட வைப்பதே அந்தச் சாவுதான். ஆட்ரியும் ராஜர்ஸும் ஜெய்சங்கரும் அடுத்த படத்துக்கு உயிரோடு வர வேண்டியவர்கள். எம்.ஜி.ஆரின் ‘ராஜா தேசிங்’ எதிர்பார்த்த அளவு ஓடாததற்கு நாயகன் மடிவதே காரணம் என்று சினிமாக்காரர்கள் சொல்வதுண்டு. அது மெய்யானால், சினிமா வீரனுக்கும் கதைப்பாடல் வீரனுக்கும் இடையே ஒரு முறிவு இருக்கிறது. தொடர்ச்சியைப் பேசுகிறவர்கள் அந்த முறிவுக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று: எல்லாமே கூத்திலிருந்து வந்தது என்று சொல்லத் தொடங்கினால் எதையும் அப்படிச் சொல்லிவிடலாம். அமெரிக்க நடிகர் எடி போலோவின் மௌனத் தொடர்படங்கள் தென்னிந்தியக் கொட்டகைகளைக் கலக்கியதை தியடோர் பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். கூத்து பார்த்த கண்ணும் எடி போலோ பார்த்த கண்ணும் ஒன்றேதான். எது எதற்கு முன் என்று அந்தக் கண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

கொள்ளிடத்துக்கு வடக்கே

மூன்றாவது வாதம் திரையைப் பார்ப்பதில்லை, டிக்கெட் கௌண்டரைப் பார்க்கிறது.

தமிழ்ப் பட வியாபாரம் தமிழ்நாட்டை ஏரியாக்களாகக் கூறு போட்டு நடந்தது. சென்னை நகரம் தனி. வடாற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்து என்.எஸ்.சி. ஏரியா. கடலூரும் சிதம்பரமும் அதில் வரும். சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடம் பாலம் தாண்டினால் சீர்காழி. அது திருச்சி – தஞ்சை ஏரியா, வேறு விநியோகஸ்தர், வேறு பிரிண்ட். படத்தை முடிப்பதற்கு முன்பே ஏரியா வாரியாக விற்று, அந்த முன்பணத்தில் மீதிப் படத்தை எடுப்பதுதான் சின்னத் தயாரிப்பாளரின் வழி. ‘மினிமம் கேரண்டி’ கொடுப்பவர் கேட்கும் கேள்விகளும் குறைவு: ஹீரோ யார், ஃபைட் எத்தனை, பாட்டு எத்தனை. ஜெய்சங்கர் என்று பதில் வந்தால் பேச்சு சுலபம். எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களுக்கு அருகில் போக முடியாத விநியோகஸ்தருக்கு அவர் கைக்கெட்டும் நட்சத்திரம். வெள்ளிக்கு வெள்ளி படம் வருகிறவர் என்ற பொருளில் வெள்ளிக்கிழமை நாயகன் என்ற பட்டம் சும்மா வரவில்லை. சம்பள விஷயத்தில் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுப்பவர் என்ற நல்ல பெயரும் அவருக்கு இருந்தது.

இந்தக் கணக்கில் கௌபாய் படம் கச்சிதமாகப் பொருந்துகிறது. அரண்மனை செட் வேண்டாம், பங்களா வேண்டாம். பொட்டல், பாறை, ஆறு, நாலு குடிசை, பத்துக் குதிரை போதும். வெளிப்புற வெயிலே விளக்கு. அதிலும் கர்ணன் ஒளிப்பதிவாளர். நிலத்தையே செட்டாக்கத் தெரிந்தவர். ராஜா ராணிப் படத்தின் குதிரையையும் வாள் சண்டையையும், அதன் செலவில்லாமல், தொடர்வதற்கு ஒரு குறுக்கு வழி கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம். மாடர்ன் தியேட்டர்ஸும் அதன் நிறுவனர் டி.ஆர். சுந்தரம் 1963இல் மறைந்த பிறகு இதே போன்ற கணக்கில்தான் ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’ (1966) முதலான துப்பறியும் படங்களை வரிசையாகத் தந்தது.

அமெரிக்க ‘பி’ படத்தோடு இதை ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு கவனத்துக்குரியது. அங்கே தாழ்வு, காட்சிப் பட்டியலில்: ஒரே டிக்கெட்டில் இரண்டு படம், அதில் சின்னப் படம் இரண்டாந்தரம். தமிழ்நாட்டில் இரட்டைக் காட்சி வழக்கமில்லை. கௌபாய் படமும் மற்றப் படங்கள்போல இரண்டரை மணி நேரம் ஓட வேண்டும், இடைவேளையும் பாட்டும் நகைச்சுவையும் வேண்டும். இங்கே தரம் பிரித்தது ஊர்களை. ‘ஏ சென்டர்’ சென்னை, கோவை, மதுரை. ‘பி சென்டர்’ கடலூர், சிதம்பரம் மாதிரி தாலுகாத் தலைநகர்களும் மாவட்டத் தலைநகர்களும். ‘சி சென்டர்’ அதற்கும் உள்ளே, டூரிங் டாக்கீஸ் ஊர்கள். நகரத்தில் இரண்டு வாரத்தில் தூக்கப்பட்ட படம், கீறல் விழுந்த பிரிண்டில், பண்ருட்டிப் பக்கமோ புவனகிரிப் பக்கமோ டெண்ட் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை. முறுக்குக்காரருக்கு அதுதான் வருமானம். ஒரு படத்தின் ஆயுளை முதல் ஓட்டத்தை வைத்து மட்டும் அளந்தால் தமிழ்க் கௌபாய் தோற்றவன். டெண்ட் கொட்டகையையும் சேர்த்து அளந்தால் அப்படிச் சொல்வதற்கில்லை.

பொருளாதார வாதம் நான்கிலும் வலுவானது என்பது என் கணிப்பு. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. மலிவாக எடுக்கக்கூடிய படம் கௌபாய் படம் மட்டுமா? பேய்ப் படம் அதைவிட மலிவு. பக்திப் படத்துக்கு விற்பனையும் உறுதி. மலிவு ஒரு வகையை அனுமதிக்கும். அந்த வகையை ஜனங்கள் விரும்ப வைக்காது.

சவுக்கும் சத்தியமும்

நான்காவது வாதத்துக்குத் துணை நிற்கும் நூல்கள் இரண்டு கரைகளிலும் உள்ளன. பீட்டர் ஸ்டான்ஃபீல்ட் 2002இல் எழுதிய ‘ஹார்ஸ் ஆப்பரா’, பாடும் கௌபாயைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்காமல், 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் நிலம் இழந்த கிராமத்து மக்களோடும் தொழிலாளர்களோடும் பேசிய நாயகன் என்று காட்டியது. வங்கிக்காரன், நிலத்தைப் பிடுங்கும் கம்பெனிக்காரன், ஊழல் அரசியல்வாதி ஆகியோரே ஆட்ரி படங்களின் வில்லன்கள். இங்கே எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ‘தி இமேஜ் டிராப்’ (1992) எம்.ஜி.ஆர். படங்களைப் பற்றிச் சொன்னதோடு இது பெரிதும் ஒத்துப்போகிறது. உழைக்கும் வர்க்கத்து நாயகன், நியாயம் கேட்கும் உரிமையைத் தானே எடுத்துக்கொள்கிறான். ஆனால் அமைப்பு மாறுவதில்லை. கெட்ட பண்ணையார் போய் நல்ல பண்ணையார் வருகிறார்.

ஒப்புமைகள் வியப்பூட்டுகின்றன. கௌபாய் பொய் சொல்லக் கூடாது, முதலில் சுடக் கூடாது, குடிக்கவோ புகைக்கவோ கூடாது, முதியோரிடமும் குழந்தைகளிடமும் விலங்குகளிடமும் அன்பாயிருக்க வேண்டும் என்று ஆட்ரி பத்துக் கட்டளை வகுத்திருந்தார். திரையில் குடிக்காத, புகைக்காத, தாயை வணங்கும் எம்.ஜி.ஆருக்கும் எழுதப்படாத ஒரு பட்டியல் இருந்தது. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் (1965) கையில் சவுக்கோடு மாடிப்படியில் நின்று, ஆட்சி தன் கைக்கு வந்தால் ஏழைகள் துயரப்பட மாட்டார்கள் என்று பாடுகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். குதிரை இல்லை, தொப்பி இல்லை. பாடும் கௌபாயின் சாரம் அதில் இருக்கிறது. ‘காலம் வெல்லும்’ வந்த அதே 1970இல்தான் அவர் ‘மாட்டுக்கார வேல’னாக மாடு மேய்த்துப் பாடினார்.

பாட்டிலிருந்து பதவிக்குப் போன பாதையும் இரு நாட்டிலும் உண்டு. நாட்டுப்புறப் பாடகரும் கௌபாய் படங்களில் தலைகாட்டியவருமான ஜிம்மி டேவிஸ் லூசியானா ஆளுநரானார். பாடும் கௌபாய் டெக்ஸ் ரிட்டர் 1970இல் டென்னசியில் செனட் பதவிக்கான கட்சித் தேர்வில் நின்று தோற்றார். ஆட்ரி அரசியல் பக்கம் போகவில்லை. ஒரு பேஸ்பால் அணியை வாங்கிக்கொண்டார். எம்.ஜி.ஆர். 1977இல் முதலமைச்சர் ஆனார்.

இந்த வாதம் இடறி விழுவது ஜெய்சங்கரிடம்தான். தொப்பியும் துப்பாக்கியுமாக நடித்தவர் அவர். கொடி இல்லை, கட்சிச் சின்னம் இல்லை, பாட்டில் கொள்கை விளக்கம் இல்லை. கர்ணன் படங்களில் பாட்டு உண்டு. ஆனால் அந்தப் படங்களை நினைவில் வைத்திருப்பவர்கள் முதலில் சொல்வது சண்டையை, துரத்தலை, அருவியில் நனையும் நாயகியரை. நாயகன் ஊருக்கு வாக்குக் கொடுக்கும் பாட்டை அல்ல. அரசியல் நாயகன் பாட்டை எடுத்துக்கொண்டான், அரசியல் இல்லாத நாயகன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டான் என்று இதைப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது. அமெரிக்காவில் ஒரே ஆளாக இருந்தவன் தமிழ்நாட்டில் இரண்டாகப் பிரிந்திருக்கிறான். இப்படி எடுத்துக்கொண்டால் ‘தமிழில் பாடும் கௌபாய் உண்டா’ என்று தொப்பியைத் தேடிப் போன பழைய விசாரணையின் முதல் அடியே கோணலாகத் தெரிகிறது.

குதிரையேறிய பெண்கள்

நாலு வாதங்களும் ஆணைப் பற்றியே பேசுகின்றன. பம்பாயில் வாடியா மூவிடோன் 1935இல் ‘ஹண்டர்வாலி’ எடுத்து நடிகை நாடியாவின் கையில் சவுக்கைக் கொடுத்தது. தமிழில் இரண்டே ஆண்டில் கே. அமர்நாத் இயக்கிய ‘மின்னல் கொடி’ (1937) வந்தது. கொள்ளைக்காரன் ஒருவனின் பெயரையும் வேடத்தையும் ஏற்று ஆணுடையில் உலவும் பெண்ணாக கே.டி. ருக்மணி நடித்தார். எழுபதுகளில் விஜயலலிதாவும் ஜோதிலட்சுமியும் தொப்பி அணிந்தார்கள். அமெரிக்காவில் 1939இல் டோரதி பேஜை வைத்துப் பாடும் கௌபாய்ப் பெண் வரிசை ஒன்றைத் தொடங்கி மூன்றே படத்தில் கைவிட்டார்கள். அதைப் பார்க்கும்போது இந்தியக் கணக்கு தாழ்வில்லை. நகல் வாதத்துக்கு இது நேரடியான எதிர்ச் சான்றும்கூட: மூலத்தில் பிழைக்காத ஒன்று நகலில் எப்படிப் பிழைத்தது?

பகடியும் படக்கதையும்

ஒரு வகை செத்த பிறகுதான் அதற்குப் பகடி வரும் என்பார்கள். சேனல் வி விளம்பரத் துணுக்காகப் பிறந்த ‘குயிக் கன் முருகன்’ 2009இல் சைவக் கௌபாயாக முழுப் படமானான். 2010இல் சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ தன் கற்பனை ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்துக் கடனைத் தீர்த்தது. இரண்டிலும் நாசர்தான் வில்லன். கூத்தில் கட்டியங்காரன் செய்த வேலையைத்தான் இந்தப் படங்கள் செய்கின்றன என்று பூர்வீக வாதக்காரர்கள் மகிழலாம். பகடிக்கு வெளியே, சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸும் முத்து காமிக்ஸும் டெக்ஸ் வில்லரையும் லக்கி லூக்கையும் கேப்டன் டைகரையும் இன்றுவரை தமிழ் பேச வைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கௌபாய்கள் பாடுவதில்லை. அச்சில் பாட்டுக்கு வேலை இல்லை என்பதோடு, இவர்களின் பூர்வீகம் இத்தாலியும் பிரான்சும் பெல்ஜியமும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தீராதவை

இப்போதைக்குச் சொல்லத்தக்கது இவ்வளவு. தமிழ்க் கௌபாயின் உடையும் காமிரா மொழியும் 1960களின் ஐரோப்பியப் படங்களிடம் பட்ட கடன்; அதில் ஐயம் குறைவு. பாட்டோ அவனுக்கு முன்பே இங்கே இருந்தது. அவன் எடுக்கப்பட்டதற்கு ஏரியா வியாபாரமும் ஜெய்சங்கரின் கால்ஷீட்டும் காரணமாக இருந்திருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. மூன்றும் எந்த விகிதத்தில் கலந்தன என்பதில்தான் கருத்து வேறுபடும்.

விகிதத்தைத் தீர்மானிக்கக் கூடிய சான்று படச்சுருளில் மட்டும் இல்லை, பார்வையாளர் பக்கத்திலும் இருக்கிறது. சாதி பார்க்காமல் தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகை என்று 1981இல் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதினார். அந்தக் கூரை சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவரையும் கொள்ளிடக்கரை விவசாயக் கூலியையும் ஒன்றாக மூடியது. ‘மெக்கன்னாஸ் கோல்ட்’ பார்த்துவிட்டு ‘கங்கா’வுக்கு வந்தவரும், தேசிங்கு கூத்து பார்த்துவிட்டு வந்தவரும் கண்டது ஒரே படத்தைத்தானா? கடலூரில் ஒரு வாரம் ஓடிய படம் காட்டுமன்னார்கோயிலில் எத்தனை முறை திரும்ப வந்தது? எம்.ஜி.ஆர். படம் இல்லாத வாரத்தில் ஜெய்சங்கர் படத்துக்குப் போனது அதே கூட்டமா, வேறு கூட்டமா? இவற்றுக்குப் பதில் தரக்கூடியவை என்.எஸ்.சி. விநியோகஸ்தர்களின் அன்றாட வசூல் கணக்கான டி.சி.ஆர். தாள்களும் டூரிங் டாக்கீஸ் உரிமப் பதிவுகளும். அவற்றில் எஞ்சியிருப்பவற்றைத் திரட்டுகிறவர் கையில்தான் இந்த விவாதத்தின் அடுத்த கட்டம் இருக்கிறது.